ஹெர்ப்பிஸ், அக்கி, கரந்துறைதல்

பாம்பு, பல்லி, ஆமை போன்ற ஊர்வனவற்றைப் பற்றிய படிப்புக்கு 'ஹெர்ப்பெட்டாலஜி' என்று பெயர். ஹெர்ப்பிஸ் என்ற நோயின் பெயரும் அதே கிரேக்க வேரிலிருந்து கிளைத்ததுதான். 'ஹெர்ப்பைன்' என்றால் ஊர்தல். தோலில் ஊர்ந்து பரவும் பலவகைப் புண்களைப் பழைய கிரேக்க மருத்துவர்கள் இப்படி அழைத்தார்கள். குறிப்பிட்ட வைரஸ்களின் பெயராக அது சுருங்கியது வெகுகாலம் கழித்துத்தான். அரிப்பை 'ஊரல்' என்று சொல்லும் வழக்கம் நம்மிடமும் இருப்பதால், இந்தக் கற்பனை நமக்கு அந்நியமில்லை.

ஆனால் தமிழில் நிலைத்த பெயர் ஊர்தலிலிருந்து வரவில்லை, எரிச்சலிலிருந்து வந்தது. 'அக்கி' என்பது அக்னி என்ற வடசொல் பிராகிருதம் வழியாக நம்மிடம் வந்த வடிவம். கொப்புளம் கிளம்பிய இடம் நெருப்பு பட்டதுபோல் எரிவதால் இந்தப் பெயர். குயவரிடம் போய், செங்காவியைக் குழைத்து உடம்பில் 'அக்கி எழுதி'க்கொள்வது ஊர்ப்பக்கம் இன்னும் இருக்கிறது. எழுதிக்கொள்பவர்களிடம் ஒன்றே ஒன்று சொல்வேன்: கொப்புளம் கிளம்பிய 3 நாட்களுக்குள் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். வைரஸ் மருந்து நன்றாக வேலை செய்வது அப்போதுதான்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஊரில் அக்கி என்பது பெரும்பாலும் ஹெர்ப்பிஸ் ஜோஸ்டர். சிறுவயதில் வந்துபோன சின்னம்மையின் வைரஸ் பல ஆண்டுகள் கழித்து மறுபடி எழுவதால் வருவது. 'ஜோஸ்டர்' என்றால் கிரேக்கத்தில் இடுப்புப் பட்டை. பரிசோதனைக்கூட அறிக்கையில் வரும் ஹெர்ப்பிஸ் பெரும்பாலும் வேறு, ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ். அதன் வைரஸில் (சுருக்கமாக ஹெச்.எஸ்.வி.) இரண்டு வகை. ஹெச்.எஸ்.வி-1 பொதுவாக வாயோரக் கொப்புளம் தருவது; ஹெச்.எஸ்.வி-2 பொதுவாகப் பிறப்புறுப்பில் புண் தருவது. 50 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேருக்கு முதல் வகை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பலருக்கு அது குழந்தைப் பருவத்தில், பெரியவர்கள் கொடுத்த முத்தத்தில் வந்திருக்கும்.

சிம்ப்ளெக்ஸை 'எளிய அக்கி' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் எளிதில் போய்விடும் நோய் என்று தோன்றும். என் கருத்தில், அக்கி என்பதை ஜோஸ்டருக்கே விட்டுவிடலாம். மற்றதை உதட்டு ஹெர்ப்பிஸ், பிறப்புறுப்பு ஹெர்ப்பிஸ் என்று இடம் சேர்த்துச் சொன்னால் குழப்பம் இல்லை.

இந்த வைரஸின் உண்மையான குணத்துக்கு நம் இலக்கணத்தில் அருமையான ஒரு சொல் காத்திருக்கிறது: கரந்துறைதல். ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருந்தால் அது கரந்துறைச் செய்யுள். ஹெர்ப்பிஸும் அப்படித்தான். புண் ஆறியபின் நரம்புக் கணுக்களுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. அறிகுறியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இருக்கும், பிறகு ஒருநாள் தலைகாட்டும். அதனால் முதன்முதலில் புண் தெரிந்த நாளைத் தொற்றிய நாள் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு 'இது எப்போது வந்தது, யாரால் வந்தது' என்று கணவன் மனைவிக்குள் சண்டை மூள்வது இதைத் தெரியாததால்தான். ரத்தத்தில் பார்ப்பது வைரஸை அல்ல, அதற்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளை. அதில் ஐ.ஜி.ஜி. என்பது தொற்றியபின் நெடுங்காலம் ரத்தத்தில் தங்கும் வகை. அது இருக்கிறது என்றால் என்றோ ஒருநாள் தொற்றியிருக்கிறது, அவ்வளவுதான். போன மாதமா, கல்யாணத்துக்கு முன்பா என்று அது சொல்லாது. அறிக்கையில் ஐ.ஜி.ஜி. அளவைக் குறிக்கும் எண் பெரிதாக இருந்தால் புதுத் தொற்று என்பதும் தவறு. எண் சிறிதாக, வரம்பை ஒட்டி இருந்தால் தவறான முடிவாகவும் இருக்கலாம். வேறொரு முறையில் உறுதிசெய்யச் சொல்ல வேண்டும். ஐ.ஜி.எம். என்ற இன்னொரு வகை எதிர்ப்பொருள் புதுத் தொற்றைக் காட்டும் என்று சிலர் எழுதித் தருகிறார்கள். பழைய தொற்று மறுபடி எழும்போதும் அது தோன்றும் என்பதால் நம்ப முடியாது.

காலத்தை ஓரளவு சொல்லக்கூடிய நிலை ஒன்று உண்டு. புதுப்புண்ணில் பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரியில் பி.சி.ஆர். சோதனை (வைரஸின் மரபணுவையே தேடும் சோதனை) வைரஸைக் காட்டி, அதே வகைக்கு ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. இன்னும் இல்லை என்றால், அது பெரும்பாலும் அண்மையில் வந்தது. புண் காய்வதற்குள் மாதிரி கொடுத்துவிட வேண்டும்.

கடைசியாக, 'விண்டோ பீரியட்'. தொற்று வந்தும் சோதனையில் தெரியாமல் இருக்கும் இடைவெளி இது. இதைச் 'சாளரக் காலம்' என்று பெயர்த்திருக்கிறோம். சாளரம் என்றால் நமக்கு வெளிச்சம் வரும் வழி. இங்கோ எதுவும் தெரியாத காலத்துக்கு அந்தப் பெயர். 'புலப்படாக் காலம்' என்பது சரியாகப் பொருந்தும். ஹெர்ப்பிஸில் ஐ.ஜி.ஜி. சிலருக்குச் சில வாரங்களிலேயே தெரிந்துவிடும், சிலருக்கு 12 வாரம் அல்லது அதற்கு மேலும் ஆகும். சந்தேகத்துக்குரிய உறவுக்கு மறுவாரமே சோதித்து 'இல்லை' என்று வந்தால், அது பழைய தொற்று இல்லை என்பதை மட்டும்தான் காட்டுகிறது. அந்தத் தாளைத் தேதியோடு பத்திரமாக வைத்துக்கொண்டு 12 வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போது 'உண்டு' என்று வந்தால், தொற்று புதிது என்பதற்கு அந்தப் பழைய தாள்தான் சாட்சி.