கரண்ட் வைத்தால் புற்று பரவிவிடுமா?

"கரண்ட் வைத்தால் கட்டி உடம்பு முழுக்கப் பரவிவிடும் என்கிறார்களே டாக்டர், நிறுத்திவிடலாமா?" என்று கன்னப் புற்றுநோயாளி ஒருவரின் மனைவி என்னிடம் கேட்டார். கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் பேச்சுவழக்கில் 'கரண்ட்' என்கிறார்கள். 15-ஆம் நாள் கதிர்வீச்சை முடித்துவிட்டு வந்து பக்கத்தில் அமர்ந்திருந்த கணவரின் நெற்றியில், சிகிச்சையின்போது தலை அசையாதிருக்க அணிவிக்கும் முகமூடியின் வலைத்தடம் இன்னும் மறைந்திருக்கவில்லை. இந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. ஏனெனில், அதில் ஆய்வக உண்மை சிறிது கலந்திருக்கிறது.

கதிர், செல்லின் டி.என்.ஏ. இழைகளை அறுக்கிறது. 1979-இல் கண்டறியப்பட்ட பி53 என்னும் காவல் புரதம் அதை உணர்ந்து, செல் பிரிவதை நிறுத்திப் பழுதுபார்க்க அவகாசம் தருகிறது; பழுது மிகுந்தால் செல்லையே மாய்த்துவிடுகிறது. புகையிலையால் வரும் வாய்ப்புற்றுகளில் பெரும்பாலானவற்றில் இந்தக் காவல் பழுதாகியிருக்கும். அத்தகைய செல்கள் அறுபட்ட இழைகளோடு பிரியப்போய்ப் பெருமளவில் மடிகின்றன என்றாலும், தப்பிப் பிழைப்பவை குலைந்த குரோமோசோம்களோடு தொடர்ந்து பெருகக்கூடும். கொல்லப் போதாத அளவே கதிர் பெற்ற சில புற்றுச் செல்கள், குறிப்பாக மூளைக்கட்டிச் செல்கள், சுற்றியுள்ள திசுவைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து நகர்வதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள்.

"கொல்லப் போதாத அளவு" என்பதுதான் இதில் முக்கியம். அந்தக் கணவருக்குத் திட்டமிட்டது 33 நாளில் 66 கிரே (கிரே என்பது கதிரின் அளவைக் குறிக்கும் அலகு). அன்றுவரை பெற்றிருந்தது 30 கிரே மட்டுமே. நான்காவது வாரத்தை ஒட்டி, மிஞ்சிய செல்கள் விரைந்து பெருகத் தொடங்குவதால், நடுவில் விடும் ஒவ்வொரு நாளும் நோய்க்கே ஆதாயமாகிறது. முழுமையாகப் பெற்ற கதிர்வீச்சு என்ன செய்யும் என்பதற்கு மார்பகப் புற்றுநோயில் உறுதியான சான்று உண்டு: மார்பகத்தைக் காக்கும் அறுவைக்குப் பின் 10,801 பெண்களைப் பற்றி 2011-இல் வெளிவந்த தொகுப்பாய்வில், பத்தாண்டுகளுக்குள் நோய் திரும்பும் வாய்ப்பு கதிர்வீச்சால் 35 சதவீதத்திலிருந்து 19.3 சதவீதமாகக் குறைந்திருந்தது.

ஒரு விலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பி53 மரபணுவின் பழுதைப் பிறப்பிலேயே பெற்றிருக்கும் லி-பிராமெனி குடும்பத்தினருக்குக் கதிர் பட்ட இடத்திலேயே பின்னாளில் புதிய புற்று வரக்கூடும் என்பதால், இயன்றவரை வேறு வழிகளையே முதலில் தேடுகிறோம். ஆகவே, குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மார்பகம், எலும்பு, தசை அல்லது மூளையில் புற்று வந்திருந்தால், சிகிச்சை தொடங்கும் முன்பே மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

அந்த அம்மாவிடம் மேலும் பேசியபோதுதான், வாய்ப்புண்ணால் கணவர் மூன்று நாளாகக் கஞ்சிகூட விழுங்கவில்லை என்பது தெரியவந்தது. வலிக்கு மருந்தும், மூக்கு வழியே உணவு செலுத்தும் குழாயும் ஏற்பாடு செய்தோம். மறுநாள் காலை 16-ஆம் நாள் சிகிச்சைக்கு அவர் வந்துவிட்டார்.