பெயரில்லாத தட்டைத் துடைக்காதீர்கள்

பழைய இசைத்தட்டுகளிலிருந்து ஒலியை மீட்டெடுப்பது என் தொழில். அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்தில் வேலை. என் மேசைக்கு வரும் பெட்டிகள் பெரும்பாலும் ஒரு சாவுக்குப் பிறகு வருபவை. வீட்டைக் காலி செய்யும்போது பரணிலோ நிலவறையிலோ அகப்பட்டவை. சென்ற ஆண்டு ஒரு அம்மா கொண்டுவந்த பெட்டியில் பத்து அங்குலத் தட்டு ஒன்று இருந்தது. ஒரு பக்கம் மட்டும் பதிவு. வெள்ளை லேபிளில் பென்சிலால் ஒரு தேதி, வேறொன்றும் இல்லை. அவருடைய தாத்தா 1920-களில் ஒரு நடன இசைக்குழுவில் பான்ஜோ என்ற நரம்பு வாத்தியம் வாசித்தவராம்.

விளக்கின் கீழ் சாய்த்ததுமே எனக்கு நெஞ்சை அடைத்தது. கறுப்பாக மின்ன வேண்டிய வெளி விளிம்பு சாம்பல் பூத்ததுபோல் மங்கிக் கிடந்தது. “ஒரே தூசி. உங்களிடம் கொடுக்கப்போகிறோமே என்று நேற்று ராத்திரி ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன்” என்றார். நல்ல மனதோடு செய்த காரியம். ஆனால் அந்தக் காலத் தட்டை இறுக்கிப் பிடித்திருப்பது அரக்கு. மரச்சாமானுக்கு பாலிஷ் போடுகிறவர்கள் அரக்கைக் கரைப்பதே ஸ்பிரிட்டில்தான். ஊசி வெளியிலிருந்து உள்ளே போவதால், அழிந்தது பாட்டின் தொடக்கம்.

ஒரு தட்டுக்கு இவ்வளவு பதற்றமா என்று கேட்பவர்கள் உண்டு. 1925-ல் மின்முறைப் பதிவு வரும்வரை ஜாஸ் குழுக்கள் பெரிய கூம்புக் குழாயின் முன் நின்றுதான் வாசித்தன. மறுமுனையில் ஊசி, சுழலும் மெழுகில் கீறிக்கொண்டே போகும். ஒரே பாட்டை இரண்டு மூன்று தடவை வாசித்து, ஒவ்வொன்றையும் தனி மெழுகில் எடுப்பார்கள். மெழுகின்மேல் மின்முலாம் ஏற்றி உலோக அச்சு எடுத்து, ஒன்றிரண்டு சோதனைத் தட்டு அடித்துக் கேட்பார்கள். தேறியது கடைக்குப் போகும். தேறாததன் அச்சு உருக்கப் போகும். அதன் சோதனைத் தட்டை மட்டும் வாசித்தவர்களில் யாராவது வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கலாம். எத்தனையோ பதிவுகளுக்கு அந்த ஒன்றுதான் கடைசி நம்பிக்கை.

அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான விக்டர் கம்பெனியின் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. 1918 டிசம்பர் 2 அன்று ‘கிரியோல் ஜாஸ் பேண்ட்’ என்ற குழு ‘டேக் எம் டவுன்’ என்ற பாட்டைச் சோதனையாகப் பதிந்ததாக அதில் இருக்கிறது. எழுத்து இருக்கிறது, ஓசை இல்லை. தட்டு இதுவரை கிடைக்கவில்லை.

கடைக்கு வந்து விற்ற தட்டுகள்கூடத் தப்பவில்லை. இங்கே ரிச்மண்ட் நகரில், ஸ்டார் பியானோ தொழிற்சாலை வளாகத்தில் ஜென்னட் ஒலிப்பதிவுக்கூடம் இருந்தது. தண்டவாளம் பக்கத்திலேயே, ரயில் கடக்கும்வரை வாசிப்பை நிறுத்திக் காத்திருப்பார்கள். 1923 ஏப்ரலில் கிங் ஆலிவர் என்ற ஜாஸ் கலைஞரின் குழு இங்கே வந்தபோதுதான், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற லூயி ஆம்ஸ்ட்ராங் 21 வயதில் ஊதிய கார்னெட் முதன்முதலாகத் தட்டில் ஏறியது. அதே குழு அக்டோபரில் பதிந்த ‘ஜூலூஸ் பால்’, ‘வொர்க்கிங்மேன் ப்ளூஸ்’ இரண்டும் ஒரு தட்டின் இரு பக்கங்களாக வெளிவந்தன. இன்று அறியப்பட்டிருப்பது ஒரே ஒரு பிரதி. உலகம் கேட்பதெல்லாம் அதிலிருந்துதான். அதையும் யாராவது குப்பையில் போட்டிருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது.

இரண்டாம் உலகப் போர்க்காலமும் வாரிக்கொண்டு போனது. தட்டுக்கான அரக்கு போனதே நம் நாட்டிலிருந்துதான். சோட்டா நாக்பூர் காடுகளில் புரசு, இலந்தை மரங்களில் பூச்சி சுரந்தது, கல்கத்தாவில் கப்பல் ஏறியது. 1942-ல் வரத்து குறைய, அமெரிக்க அரசு அரக்குக்குக் கட்டுப்பாடு போட்டது. வீடு வீடாகப் பழைய தட்டுகளைச் சேகரித்து, உடைத்து, புதுத் தட்டுக்குக் கலந்தார்கள். அதில் என்னென்ன அரைபட்டதோ.

ஜாஸின் முன்னோடியாகக் கருதப்படும் நியூ ஆர்லியன்ஸ் கலைஞர் பட்டி போல்டன் 1890-களில் பதிந்ததாகச் சொல்லப்படும் மெழுகு உருளையைப் பற்றி என்னிடம் பலர் கேட்கிறார்கள். அதைத் தேடுவதை நான் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் மெழுகு பூஞ்சை பிடிக்கும், தேயும், உடையும். தேடும் கண்களைப் பரண்மேல் இருக்கும் தட்டுகள் பக்கம் திருப்பினால் பலன் அதிகம் என்பது என் அனுபவம்.

உங்கள் கைக்கு அப்படி ஒரு தட்டு வந்தால், முதலில் லேபிளைப் பார்க்காதீர்கள். லேபிளுக்கும் ஊசி ஓடும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவில் வெற்று வளையம் இருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் அங்கே எண்ணோ எழுத்தோ கீறியிருப்பது தெரியும். எந்தப் பாட்டு, எத்தனையாவது தடவை என்பதற்கான துப்பு அதுதான். அதைப் படம் எடுங்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் நடத்தும் இணையப் பதிவேட்டில் அந்த எண்ணைப் போட்டுத் தேடலாம். எண் வெளியான தட்டோடு பொருந்தி, தடவை மட்டும் மாறியிருந்தால் உடனே விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

போட்டுக் கேட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். பழைய கிராமபோனின் எஃகு ஊசி பள்ளத்தைத் தின்றுவிடும். இன்றைய எல்பி (வினைல் தட்டு) ஊசியோ அந்த அகலமான பள்ளத்துக்கு மிகச் சிறியது, அடியில் உரசும். படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்திவையுங்கள். 1930-களின் நடுவிலிருந்து வந்த, அலுமினியத்தின்மேல் லாக்கர் பூசிய தட்டுகளில் வெள்ளையாகப் பிசுபிசுப்புப் படிந்திருந்தால் அதையும் தொடவேண்டாம். உடைந்திருந்தால் துண்டுகளை ஒட்டாமல் அப்படியே எடுத்து வையுங்கள். பெர்க்லி ஆய்வகத்தில் உருவான ஐரீன் என்ற முறை ஊசியே படாமல் பள்ளத்தைப் படமெடுத்து ஒலியாக்குகிறது. உடைந்த தட்டுகளும் அதில் பேசியிருக்கின்றன.

பில் சேவரி என்ற ஒலிப்பொறியாளர் 1930-களில் வானொலியில் வந்த ஜாஸ் நிகழ்ச்சிகளைப் பதிந்து வீட்டிலேயே வைத்திருந்தார். அவர் 2004-ல் இறந்தார். 2010-ல் மகன் வழியாக ஹார்லெமில் உள்ள தேசிய ஜாஸ் அருங்காட்சியகத்துக்குச் சுமார் ஆயிரம் தட்டுகள் வந்து சேர்ந்தன. சாக்ஸபோன் மேதைகள் கோல்மன் ஹாக்கின்ஸும் லெஸ்டர் யங்கும் எழுபது வருஷம் பெட்டிக்குள் இருந்தார்கள். சில தட்டுகள் மீட்க முடியாத அளவுக்குச் சிதைந்திருந்தன.

அந்த அம்மாவின் தட்டில் கடைசி ஒரு நிமிடம்தான் தெளிவாகத் தேறியது. பான்ஜோ மட்டும் தனியாக வரும் நாலு வரி அதில் இருந்தது. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, வீட்டில் இன்னும் இரண்டு பெட்டி பிரிக்காமல் இருக்கிறது என்றார். எதையும் தொடாதீர்கள், நானே வருகிறேன் என்றேன். வரும் சனிக்கிழமை போகிறேன்.