கல்லும் கல்லும் மோதினால் ஒட்டுமா?

ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகத்தில் பொதுமக்களுக்கு வானம் காட்டுகிற ஒரு மாலை. ஆலங்காயத்திலிருந்து வந்திருந்த பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி கேட்டாள்: "தூசு தூசா ஒட்டித்தான் பூமி ஆச்சுன்னு புக்குல போட்டிருக்கு சார். எங்க ஊர் மலையில பாறை உருண்டு வந்து மோதினா ஒடைஞ்சு போவுது, ஒட்டலையே?" வரிசையில் நின்ற சிலர் சிரித்தார்கள். அவள் கேட்டது வானியலர்கள் பல பத்தாண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி.

முன்கதை தெரிந்ததுதான். வாயு மேகம் தன் ஈர்ப்பாலேயே சுருங்கும், நடுவில் விண்மீன் பிறக்கும், மிச்சம் மீதி அதைச் சுற்றித் தட்டையான வட்டாகச் சுழலும். அந்த வட்டில் நூற்றுக்கு ஒரு பங்குதான் தூசு. மற்றதெல்லாம் பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும். சுமார் 450 ஒளியாண்டு தூரத்திலுள்ள ஹெச்எல் டாரி என்ற குழந்தை விண்மீனை, சிலி நாட்டிலுள்ள ஆல்மா தொலைநோக்கி 2014இல் படம் பிடித்தது. வட்டும் அதில் வளையம் வளையமாக விழுந்த இடைவெளிகளும் அப்படியே தெரிந்தன.

தூசுத் துகள்கள் மெல்ல ஒட்டி, கூழாங்கல் அளவுக்கு வளர்ந்துவிடும். அதற்கு மேல் மோதினால் துள்ளி விலகும். வேகம் கூடினால் உடையும். மாணவி சொன்னது அத்தனையும் சரி. ஆனால் இதைவிடப் பெரிய வில்லன் ஒன்று உண்டு. அதுதான் காற்று.

வட்டிலுள்ள வாயுவுக்கு அழுத்தம் உண்டு. உள்பக்கம் அதிகம், வெளிப்பக்கம் குறைவு. அந்த அழுத்தம் விண்மீனின் ஈர்ப்பைக் கொஞ்சம் தாங்கிக்கொள்வதால் வாயு சற்று நிதானமாகச் சுற்றினாலே போதும். கல்லுக்கு அந்தச் சலுகை இல்லை. அது முழு வேகத்தில் சுற்றியாக வேண்டும். பூமி இருக்கும் தூரத்தில் இந்த வேக வித்தியாசம் நொடிக்கு 50 மீட்டர் அளவில் வரும். கல்லுக்கு இது ஓயாத எதிர்காற்று, நம் ஊர்ப் புயல்கள் பலவற்றை விடக் கடுமையான வேகம். வாயு மிக மெல்லியது என்றாலும் அந்த உரசலில் கல் வேகம் இழந்து உள்ளே சரியும். பொடித் தூசு வாயுவோடு மிதந்துபோகும், மலை அளவுப் பாறை சட்டை செய்யாது. மாட்டிக்கொள்வது ஒரு மீட்டர் கல்தான். சுமார் நூறே ஆண்டில் விண்மீனில் போய் விழுந்துவிடும். கோள் வளரப் பல லட்சம் ஆண்டு வேண்டும். கல்லுக்குக் கிடைப்பதோ ஒரு நூற்றாண்டு!

இதற்கு 2005இல் ஆண்ட்ரூ யூடின், ஜெரமி குட்மன் என்ற இரு வானியலர்கள் கண்ட வழியை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஆடி மாசம் வாலாஜாவிலிருந்து வேலூருக்கு மேற்கே பார்த்து சைக்கிள் மிதித்தவர்களுக்குப் பாதி புரிந்துவிடும். மேல்காற்று முகத்தில் அறையும். தனியாக மிதிப்பவர் திணறுவார், ஏழெட்டுப் பேர் கும்பலாகப் போனால் ஆளுக்கு ஆள் காற்று குறையும். மீதிப் பாதிக்கு சைக்கிளை ஓரங்கட்டிவிட வேண்டும். தற்செயலாக ஓரிடத்தில் கற்கள் கொஞ்சம் நெருங்கினால், அவை சேர்ந்து அங்குள்ள வாயுவையும் தம்மோடு இழுத்துக்கொண்டு ஓடும். எதிர்காற்று குறையும், கும்பல் உள்ளே சரிவதும் மெதுவாகும். வெளியிலிருந்து தனித்தனியாகச் சரிந்து வரும் கற்களோ பழைய வேகத்திலேயே வந்து இதில் சேரும். கும்பல் பெருக்கும், காற்று இன்னும் குறையும், இன்னும் சேரும். போதிய அடர்த்தி வந்ததும் அதன் சொந்த ஈர்ப்பே அதைச் சுருட்டிவிடும். மீட்டர் அளவுப் பாறை என்ற படியில் கால் வைக்காமலே, கூழாங்கல் கூட்டம் நேராக நூறு கிலோமீட்டர் உருண்டையாகிவிடும். கல்லைக் கொல்ல வந்த காற்றே கல்லைச் சேர்த்தும் வைக்கிறது. இதன் பெயர் ஸ்ட்ரீமிங் இன்ஸ்டெபிலிட்டி.

காகிதக் கணக்குதானே என்பவர்களுக்கு ஆரக்கோத் என்ற சிறு வான்பொருள்தான் பதில். நெப்டியூனுக்கு அப்பால் சுற்றும் இதை 2019 ஜனவரி 1 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் நெருங்கிப் பார்த்தது. தட்டையான இரண்டு கட்டிகள் மோதி நசுங்காமல், பிளக்காமல், ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கின்றன. நடந்துபோகிற வேகத்தில் தொட்டிருந்தால்தான் அப்படி நிற்க முடியும். சுருண்ட கும்பலுக்குள் பிறந்த இரட்டை என்றால் பொருந்துகிறது.

பிறகு வளர்ச்சி வேகமாக நடக்கும். இந்த உருண்டைகள் மிச்சக் கூழாங்கற்களை ஈர்த்து விழுங்கும். உறைபனியும் கிடைக்கும் தூரத்தில் ஒரு கரு பூமியைப் போலப் பத்து மடங்கு கனத்துவிட்டால் வாயுவையும் வாரிக்கொண்டு வியாழனாகிவிடும். சில லட்சம் முதல் சில பத்து லட்சம் ஆண்டுகளில், வாயு கலைவதற்குள், இது முடிந்தாக வேண்டும்.

கோள்கள் பிறந்த இடத்திலேயே இருக்கும் என்றும் இல்லை. 1995இல் வானியலர்கள் மிஷெல் மேயரும் டிடியர் குவெலாஸும் கண்ட, வேறொரு விண்மீனைச் சுற்றும் 51 பெகாசி பி என்ற கோள் வியாழனில் பாதி எடை; அங்கே வருஷத்துக்கு நாலேகால் நாள்தான். அத்தனை கிட்டத்தில் அது பிறந்திருப்பது கடினம். வட்டின் இழுவையாலோ, மற்ற கோள்களோடு நடந்த தள்ளுமுள்ளாலோ உள்ளே வந்திருக்க வேண்டும். இதைத்தான் நான் குருப்பெயர்ச்சி என்பேன். நம் வியாழன் ராசி மாறுவதாக நாம் பரிகாரம் செய்கிற நாளில் அது வழக்கமான பாதையில் வழக்கம்போலத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

    

வளர்ந்த பிறகும் கோள்கள் மாறும். விண்மீனுக்கு அருகில் சுற்றுபவற்றில், பூமியைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆரம் கொண்டவை ஆச்சரியப்படும்படி குறைவு என்று 2017இல் கெப்ளர் விண்தொலைநோக்கியின் தரவுகளில் தெரிந்தது. மேலே போர்த்திய ஹைட்ரஜனைக் காப்பாற்றியவை பெரிதாகவே நிற்கின்றன, இழந்தவை சுருங்கி வெறும் பாறையாகிவிட்டன. உரித்தது இளம் விண்மீனின் எக்ஸ் கதிரா, கோளின் சொந்த உட்சூடா என்பதில் சண்டை ஓயவில்லை. ஜிஜே 436 பி என்ற நெப்டியூன் அளவுக் கோளிலிருந்து வால்மீன் போல ஹைட்ரஜன் வழிவதை ஹப்பிள் பார்த்திருக்கிறது, 2015இல் அறிவித்தார்கள். ஆனால் இன்றைய வேகத்தில் அது இழப்பது சொற்பம். பெரிய இழப்பு ஏதும் நடந்திருந்தால், அதன் விண்மீன் இளசாக, எக்ஸ் கதிரை வாரி இறைத்த காலத்தில் நடந்திருக்க வேண்டும்.