சிறைக்குள் நாடகம்: கேஸை முதலில் கேட்காதீர்கள்

சிறையில் நாடகப் பயிற்சி நடத்தும் ஆசையோடு இளம் நாடகக்காரர்களும் சமூகப்பணி மாணவர்களும் என்னிடம் யோசனை கேட்டு வருவதுண்டு. கையில் கேள்விகளை எழுதி வைத்திருப்பார்கள். முதல் கேள்வி பெரும்பாலும் "எந்த கேஸ்ல உள்ள வந்தீங்க?" என்றிருக்கும். அதை அடித்துவிடச் சொல்வேன்.

போலீஸ், மாஜிஸ்திரேட், வக்கீல், பக்கத்தில் படுப்பவர் என்று எல்லோரும் அதைக் கேட்டாயிற்று. பதில் மனப்பாடம். ஒரு பெண்கள் சிறையில் நடுவயது அக்கா ஒருவர், "சம்பவத்தன்று மாலை சுமார் ஆறு மணியளவில்" என்று எஃப்.ஐ.ஆர். நடையிலேயே தன் கதையைச் சொன்னார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "அன்னைக்கு என்ன குழம்புக்கா வச்சீங்க?" என்றேன். சட்டென்று குந்தி உட்கார்ந்தார். இல்லாத அரிவாள்மனையைக் காலால் அழுத்திக்கொண்டு மீன் ஆயத் தொடங்கினார். தலை மாமியாருக்கு, நடுத்துண்டு புருஷனுக்கு, தனக்கு ஏன் எப்போதும் குழம்பு மட்டும் என்று கைவேலையின் நடுவே பேச்சு வந்தது. அதுவே எங்கள் நாடகத்தின் முதல் காட்சி. வழக்கைப் பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது. (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

வழக்கைத் தொடாததற்குக் காரணம் உண்டு. இந்தியச் சிறைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். வாய்தாவுக்கு வாய்தா காத்திருப்பவர்கள். மேடையில் "நான்" என்று சொல்லும் ஒரு வாக்கியம் வழக்கைக் கெடுக்கலாம், வெளியே இருக்கும் பிள்ளையின் காதுக்கும் போகலாம். ஆகவே கதைகளைக் கலக்கிறோம். ஒருவர் கதையில் இன்னொருவர் நடிக்கிறார். கதைக்குச் சொந்தக்காரர் எதிரே உட்கார்ந்து, "நான் அப்ப அழல, கதவைச் சாத்தினேன்" என்று திருத்துவார். கடைசி ஒத்திகை முடிந்த பிறகும் அவர் வேண்டாமென்றால் காட்சியை எடுத்துவிட வேண்டும், அது எவ்வளவு நன்றாக அமைந்திருந்தாலும் சரி.

லெபனானின் நாடகச் சிகிச்சையாளர் ஸீனா தக்காஷின் பணியை அவசியம் தேடிப் படியுங்கள். 2009-இல் ரூமியே சிறையில் '12 கோபக்கார லெபனானியர்' நாடகத்தை மேடையேற்றினார். ஓர் அமெரிக்க நாடகம்தான் அடிப்படை. நடுநடுவே சிறைவாசிகளின் தன்கதைகளும் பாடல்களும். தண்டனைக் குறைப்புக்கான சட்டம் அங்கே 2002-லேயே இயற்றப்பட்டும் ஏட்டில் கிடந்தது. நாடகம் நடந்த அதே ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. 2012-இல் பாப்தா பெண்கள் சிறையில் குடும்ப வன்முறையும் இளவயதுக் கல்யாணமும் பெண்களின் சொந்தக் கதைகளாகவே மேடையேறின. ரூமியே நாடகத்துக்குப் பின்னால் ஓராண்டுக்கும் மேலான பயிற்சி இருக்கிறது. மூன்று நாள் முகாம் நடத்தி, சான்றிதழ் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

கைதட்டல் முடிந்ததும் நாம் வீட்டுக்கு வந்துவிடுவோம். உள்ளே மூடி வைத்திருந்ததைத் திறந்துவிட்ட அந்த மனிதர், மாலை அடைப்புக்குப் பிறகு விடியும்வரை அதோடு கிடக்க வேண்டும். ஆகவே நாடகம் முடிந்த பிறகும் சில வாரங்கள் போய்வர முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். மனநல ஆலோசகர் எந்தக் கிழமை வருவார் என்று முதல் நாளே விசாரியுங்கள். இரண்டும் அமையவில்லையா, சொந்தக் கதையைத் தொடாதீர்கள். அரிச்சந்திரன் கதையை எடுங்கள். அதற்கும் ஆர்வமாக வந்து நிற்பார்கள்.