ஜீரணம்: செரிமானமா, சமிபாடா?

கோயில் அழைப்பிதழ்களில் 'ஜீர்ணோத்தாரண அஷ்டபந்தன மகா கும்பாபிஷேகம்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பந்தியில் மூன்றாம் முறை சாம்பார் கேட்டு வாங்கியவர், சாயங்காலம் வயிற்றைத் தடவிக்கொண்டு "ஜீரணமாகல" என்கிறாரே, அந்த ஜீரணமும் அழைப்பிதழில் இருப்பதும் ஒரே சொல்தான்.

வடமொழியில் 'ஜீர்ண' என்றால் மூப்படைந்தது, நைந்தது, சிதைந்தது. முதுமையைக் குறிக்கும் 'ஜரா'வும் அதே வேரில் பிறந்தது. சிதிலமான கோயிலைத் தூக்கி நிறுத்துவது ஜீர்ணோத்தாரணம். தின்ற சோறு உருக்குலைந்து போவது ஜீரணம். தெலுங்கின் 'அருகு' என்ற வினைக்கும் தேய்தல், செரித்தல் என்று இரண்டு பொருளும் உண்டு. மலையாளிகள் இதற்குத் 'தகனம்' என்பார்கள். நமக்கோ அது சுடுகாட்டுச் சொல்! ஆனால் வயிற்றில் தீ எரிகிறது என்ற எண்ணம் நமக்கும் புதிதல்ல. 'தீயள வன்றித் தெரியான் பெரிதுண்ணின்' என்று தொடங்கும் குறளில் (947) தீ என்பது வயிற்றுத் தீதான்.

தமிழில் இதற்குச் சொல் பஞ்சமே இல்லை. 'செரி' என்ற வினையோடு மானம் என்ற விகுதி சேர்ந்து செரிமானம் ஆனது. வருமானம், கட்டுமானம், பிடிமானம் போல. தன்மானத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஈழத்துப் பாடநூல்களில் சமிபாடு, பேச்சில் செமிபாடு. தென்மாவட்டப் பாட்டிகள் இன்றும் "செமிக்கல" என்றுதான் சொல்கிறார்கள். வள்ளுவர் எடுத்த சொல் இன்னும் எளியது: 'அருந்தியது அற்றது போற்றி உணின்' (942). உண்டது அற்றுப்போயிற்றா என்று பார்த்து உண்ணச் சொல்கிறார். குளத்து நீர் அற்றுப்போவதைச் சொல்கிற அதே 'அறு'.

சரி, உடலுக்குள் இந்தச் சொல் எதுவரை செல்லும்? உணவு உடைபடுவது வரைதான். சோற்றை நெடுநேரம் மென்றால் லேசாக இனிக்கும். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை அப்போதே சர்க்கரையாக உடைக்கத் தொடங்கிவிடுகிறது. இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பெப்சினும் புரதத்தின் மேல் வேலை செய்கின்றன. செரிக்கவில்லை என்று நாம் தடவிக்கொள்வது இந்த இடத்தைத்தான். ஆனால் பெரும்பாடு படுவது சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடல். கணைய நீரும் பித்தநீரும் அங்கேதான் வந்து சேர்கின்றன. பித்தநீரில் செரிக்கும் நொதி எதுவும் கிடையாது. எண்ணெயைச் சின்னச் சின்னத் துளிகளாகச் சிதறடிப்பதோடு அதன் வேலை முடிந்தது. அவற்றை உடைப்பது கணையத்தின் லைபேஸ்.

உடைந்தது உடம்பில் சேர்வது அடுத்த கட்டம். அதற்கு வேறு சொல் வேண்டும். சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல் நீண்டிருக்கும் நுண்ணிய குடலுறிஞ்சிகள் சத்தை இழுத்துக்கொள்கின்றன. (ஈழத்தில் இவற்றுக்குச் 'சடைமுளைகள்' என்று பெயர். பார்த்த மாதிரியே வைத்த பெயர்!) குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் இரத்தத்தில் கலந்து நேரே கல்லீரலுக்குப் போகும். கொழுப்பில் பெரும்பகுதி நிணநீர் வழியே சுற்றிக்கொண்டு போகும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதை 'உட்கிரகித்தல்' என்கின்றன. பாதி தமிழ், பாதி வடமொழி. கிரகணத்தில் இருக்கிற அதே 'கிரக'. ஈழத்தார் சொல்லும் 'அகத்துறிஞ்சல்' என் காதுக்கு இதைவிடத் தெளிவாகக் கேட்கிறது. வெறுமனே 'உறிஞ்சுதல்' என்றாலும் பிழையில்லை.

இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் குழப்பம்தான். பால் குடித்தால் வயிறு உப்பும் சிலருக்கு லாக்டேஸ் நொதி குறைவு. பாலின் சர்க்கரை உடையாது. உடையாததைக் குடல் உறிஞ்சாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போக, அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து வாயுவாக்கிவிடுகின்றன. குறை செரிமானத்தில்; குடலுறிஞ்சிகள் மேல் தப்பில்லை.

ஆகவே ஜீரணத்துக்குச் செரிமானம் அல்லது சமிபாடு, அஜீரணத்துக்குச் செரியாமை என்று எழுதலாம். 'அந்தச் செய்தியை ஜீரணிக்க முடியவில்லை' என்பதைச் 'செரிக்க முடியவில்லை' என்று மாற்றினாலும் எங்கும் இடறாது. கோயில் அழைப்பிதழுக்கோ 'திருப்பணி' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.