மனநோய்க்கு மாற்றுத்திறனாளி சான்று: ஜி.எச்.சுக்குக் கிளம்பும் முன்

காதில் யாரோ பேசுகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் சாப்பாட்டில் விஷம் கலக்கிறார், டி.வி.யில் என்னைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்று வீட்டில் ஒருவர் சொல்ல ஆரம்பித்து, எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் அதிலேயே நிற்கிறார் என்றால் அது சைக்கோசிஸாக இருக்கலாம். பெரும்பாலும் இளம் வயதில்தான் தலைகாட்டும். பரம்பரைக் கூறு, சிறு வயதில் பட்ட கொடுமை, கஞ்சா எல்லாம் அதற்கான வாய்ப்பைக் கூட்டும். செய்வினை காரணமில்லை, அம்மாவின் வளர்ப்பும் காரணமில்லை. மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

சிலருக்கு அது நீடித்து மனச்சிதைவாக (ஸ்கிசோஃப்ரினியா) நின்றுவிடும். படிப்பு நிற்கும், வேலை போகும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் 21 வகைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. பாதிப்பு 40 சதவீதம் என்று சான்று கிடைத்தால் ஓய்வூதியம், வருமான வரிக் கழிவு, அரசு வேலையில் இடஒதுக்கீடு எல்லாம் கேட்கலாம். சட்டம் சொல்வது இவ்வளவுதான். ஆட்கள் அலைக்கழிக்கப்படுவது இதற்கு அப்புறம்.

முதல் தடை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. "பைத்தியம்னு நாமளே எழுதி வாங்கணுமா? தங்கச்சிக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா?" என்று தள்ளிப்போட்டே பத்து வருடத்தைக் கழித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மாற்றுத்திறனாளி அட்டையில் குறைபாட்டின் வகை அச்சாகும் என்பது உண்மை. அதை ஊருக்கெல்லாம் காட்டச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. சலுகை கேட்கும் இடத்தில் மட்டும் காட்டினால் போதும்.

அடுத்தது விண்ணப்பம். இப்போது எல்லாம் ஆன்லைன், பெரும்பாலானவர்கள் இ-சேவை மையத்தில்தான் போடுகிறார்கள். அங்கே குறைபாட்டு வகையைத் தேர்வு செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். 'மனநோய்' என்பதற்குப் பதில் 'அறிவுசார் குறைபாடு' என்று போட்டுவிடுகிறார்கள். பதிவு செய்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் அந்த ஒரு தவறால் உங்கள் பிள்ளையை ஐ.க்யூ. சோதனைக்கு அனுப்புவார்கள், அதில் நல்ல மதிப்பெண் வரும், 'குறைபாடு இல்லை' என்று கோப்பை மூடுவார்கள். பட்டப்படிப்பு முடித்தவருக்கு அறிவுசார் குறைபாடு சோதனை எதற்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இனி முக்கியமான இடம், மருத்துவர் மதிப்பெண் போடும் இடம். ஐடியாஸ் என்று ஓர் அளவுகோல். தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை என்று நான்கு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. அதோடு கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை மாதம் நோய் இருந்தது என்பதற்கும் 4 வரை உண்டு. மொத்தம் 20. ஏழு வந்தால்தான் 40 சதவீதத்தைத் தொடும்.

சான்றுக்கான மருத்துவ முகாம் ஒன்றில் பார்த்தது. ஓர் அம்மா மகனுக்குச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக் கூட்டி வந்திருந்தார். பெயர் என்ன, எந்த ஊர், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் மகன் சரியாகப் பதில் சொன்னார். அவ்வளவுதான், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். அம்மா தண்ணீர் ஊற்றினால்தான் அவர் குளிப்பார், அம்மா முதலில் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டினால்தான் சோற்றைத் தொடுவார் என்பதையெல்லாம் சொல்ல இடமே கிடைக்கவில்லை. கிடைத்தது 40 சதவீதத்துக்குக் கீழே. மாத்திரையின் பலத்தில் நாலு வார்த்தை ஒழுங்காகப் பேசியதற்கு இந்தத் தண்டனை.

அதனால் வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். குளிக்க, சாப்பிட, மாத்திரை போட யார் நினைவூட்ட வேண்டும்? தனியாக பஸ்ஸில் போவாரா? கடைசியாக எப்போது வேலைக்குப் போனார், ஏன் நின்றார்? நோயாளி இல்லத்தரசி என்றால் வீட்டு வேலையைத்தான் 'வேலை' என்று கணக்கில் எடுக்க வேண்டும். அடுப்பில் வைத்ததை மறந்து எழுந்து போய்விடுகிறார் என்றால் அதை எழுதுங்கள். "வீட்டில்தானே இருக்கிறார்" என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். தாளை மருத்துவர் கையில் கொடுத்து, கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஓ.பி. சீட்டுகள் ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு ஆண்டில் 18 மாதத்துக்கு மேல் நோய் இருந்தது என்று காட்டினால் 4 மதிப்பெண், ஆறு மாதத்துக்குள் என்றால் 1தான். சீட்டு தொலைந்ததற்காக மூன்று மதிப்பெண் போகிறது. தனியார் மருத்துவமனை பழைய பதிவுகளைத் தர மறுத்தால், 2017 மனநலச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அது நோயாளியின் உரிமை என்கிறது என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். நோய் தெரிய வேண்டும் என்று முகாமுக்கு முன்னால் மாத்திரையை நிறுத்தும் யோசனையைச் சிலர் சொல்கிறார்கள். நிறுத்தினால் நோய் திரும்பும். திரும்பியது பழைய மருந்துக்கு அடங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

சான்று மறுத்தால் வாய்வார்த்தையோடு திரும்பாதீர்கள். மறுப்பை எழுத்தில் தரவேண்டும் என்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, மேல்முறையீடு செய்யலாம் என்பது 59. சான்று கிடைத்துவிட்டால் உடனே அதன் காலாவதித் தேதியைப் பாருங்கள். மனநோய்க்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றுதான் தருகிறார்கள். தேதி தாண்டினால் பணம் நின்றுபோகும். சான்று தருவதற்கான கெடுவை 2024இல் ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாக நீட்டியிருக்கிறார்கள், அதனால் முன்கூட்டியே புதுப்பிக்கப் போட்டுவிடுங்கள்.

தமிழ்நாட்டில் பணம் தருவது இரண்டு துறைகள், வாங்க முடிவது ஒன்றில்தான். மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகையில் அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவீதம் போதும். 'கடுமையாகப் பாதிக்கப்பட்டோர்' என்றால் 75 வேண்டும். மனநோய்க்கு 50 சதவீதச் சான்றோடு அங்கே காத்துக் கிடப்பதைவிட, வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்குத் தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். மனுவுக்கு ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அப்புறம் வங்கி. சான்றில் மனநோய் என்று பார்த்ததும் "கார்டியன் சர்டிஃபிகேட் கொண்டு வாங்க" என்பார்கள். கலெக்டர் ஆபீசுக்குப் போனால் அங்குள்ள குழு, கார்டியன் நியமிக்க வழிசெய்யும் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் மனநோய் வராது என்று திருப்பி அனுப்பும். அவர்கள் சொல்வது சரிதான். வங்கி கேட்டதே தப்பு. மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிடமாட்டார், நீதிமன்றம் அறிவித்தால்தான் உண்டு என்று மனநலச் சட்டம் 3(5) சொல்கிறது. அதை அச்செடுத்து மேலாளரிடம் கொடுங்கள். கையெழுத்துப் போடத் தெரிந்த 25 வயதுப் பிள்ளை தன் பெயரிலேயே கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

அரசு வேலையில் இருக்கும்போது நோய் வந்தவர்களின் குடும்பத்துக்கு ஒரு வார்த்தை. "ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்க, கௌரவமாப் போயிடும்" என்று அலுவலகத்தில் நைச்சியமாகச் சொல்வார்கள். எழுதிக் கொடுக்காதீர்கள். பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனவரை வேலையை விட்டு எடுக்கக்கூடாது, பதவியைக் குறைக்கக்கூடாது என்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20(4). அந்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். ராஜினாமா கொடுத்துவிட்டால் இந்தப் பாதுகாப்பைக் கேட்பது மிகவும் கஷ்டம்.

சிகிச்சைக்குக் காசில்லை என்று தர்காவிலோ கோயிலிலோ கொண்டுபோய்க் கட்டிப்போடுவது இன்னும் நிற்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட வழியில்லாமல் 28 பேர் செத்தார்கள். இப்போது சங்கிலியால் பிணைப்பதைச் சட்டமே தடை செய்திருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு வறுமைக்கோட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை இலவசம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரமும் போன் செய்யலாம், தமிழில் பேசுவார்கள்.

கடைசியாக, நோயாளி தெளிவாக இருக்கும் ஒரு நாளில் வெள்ளைத்தாளில் 'என் சிகிச்சை விஷயத்தில் என் நியமனப் பிரதிநிதி இன்னார்' என்று அவர் கையாலேயே எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி வையுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், நோட்டரி வேண்டாம். நோய் முற்றிய ராத்திரியில் மருத்துவமனை வாசலில் அண்ணன் கையெழுத்தா, மனைவி கையெழுத்தா என்று சண்டை நடக்காமல் இருக்க இந்தத் தாள் உதவும்.