எடை நின்றுபோனால் சோற்றில் இன்னும் கை வைக்காதீர்கள்

"தொடங்கின புதுசுல நல்லா கொறஞ்சுது மக்களே. இப்ப முள்ளு அசையவே மாட்டேங்கு. ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டுரட்டா?"

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் உணவு ஆலோசனைக்கு வரும் அம்மாமாரிடமிருந்து நான் அதிகம் கேட்கும் கேள்வி இது. நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: வேண்டாம். எடை நின்றுபோன இடத்தில் சாப்பாட்டை மேலும் குறைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுகிறது. பெரும்பாலும் அதுவே நிலைமையை மோசமாக்குகிறது.

தொடக்கத்தில் விறுவிறுவென இறங்கிய எடையில் ஒரு பங்கு வெறும் தண்ணீர். தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்து சேமிப்பாக இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றைக் குறைத்ததும் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் வெளியேறுகிறது. கொழுப்பு அந்த வேகத்தில் கரையாது.

அடுத்தது, உடம்பு சிறியதாகிவிட்டது. 8 கிலோ குறைந்தவருக்குச் சும்மா படுத்திருக்கும்போது செலவாகும் ஆற்றலே வழக்கமான கணக்கீட்டின்படி தினம் 80 கலோரி அளவுக்குக் குறையும். நடமாட்டத்தையும் சேர்த்தால் நூறைத் தாண்டும். முன்பு எடையைக் குறைத்த அதே சாப்பாடு இப்போது எடையைக் காப்பாற்றும் சாப்பாடாகிவிடுகிறது. போதாததற்கு, குறைவாகச் சாப்பிடுகிறவர்கள் தங்களை அறியாமலே குறைவாக அசைகிறார்கள். மாடிக்கு ஒருமுறை ஏறவேண்டிய வேலையைப் பிள்ளையிடம் சொல்லிவிடுகிறார்கள்.

1944-45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற அறிஞர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்து ஆராய்ந்தார். அவர்கள் ஏறக்குறைய கால்பங்கு எடை இழந்தார்கள். ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலோ 40 சதவீதம் அளவுக்கு விழுந்தது. எந்நேரமும் குளிர், சோர்வு, சாப்பாட்டு நினைப்பு. நம் ஊரில் யாரும் அவ்வளவு கடும்பட்டினி கிடப்பதில்லை. ஆனாலும் சாப்பாட்டை வெட்டிக்கொண்டே போகிறவரின் உடம்பு போவது அந்தத் திசையில்தான். கொழுப்போடு தசையும் கரைவது இதில் பெரிய இழப்பு.

உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று முதலில் பாருங்கள். ஒரு வாரம் முள் அசையாததை நான் கணக்கில் எடுப்பதில்லை. முந்தின நாள் கருவாடும் ஊறுகாயும் சாப்பிட்டால் மறுநாள் எடை கூடும். மாதவிடாய்க்கு முன்பும் கூடும். நான்கு வாரம் எடையும் இறங்காமல், இடுப்புச் சுற்றளவும் குறையாமல் இருந்தால்தான் தேக்கம். நாடாவால் தொப்புள் மட்டத்தில் அளந்து எழுதி வையுங்கள். நம்மவர்களுக்கு ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ. என்பதைத் தாண்டினால் கவனம் தேவை.

இனி தட்டுக்கு வருவோம். "சோறே தொடுறதில்ல" என்று சொல்கிறவர்களிடம் அப்படியானால் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், பலநேரம் மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு என்று பதில் வரும். 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரி. அதே அளவு அவித்த மரச்சீனியில் சுமார் 150. மரச்சீனியின் புரதமோ ஒன்றரை கிராம்கூடத் தேறாது. கிழங்கை நான் தள்ளிவைக்கச் சொல்வதில்லை. அதோடு என்ன வருகிறது என்பதுதான் கேள்வி.

வீட்டில் சாளைப் புளிமுளம் (மத்தி மீன் குழம்பு) வைத்திருப்பார்கள். மீன் துண்டுகள் பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் போய்விடும். கடைசியாக உட்காரும் அம்மா கிழங்கின்மேல் சாறை மட்டும் ஊற்றிக்கொள்வார். அந்தச் சாறில் அரைத்த தேங்காயின் கொழுப்பு இருக்கிறது, புரதம் பெயருக்குத்தான். இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். மாவட்டம் நெடுகக் கடற்கரையை வைத்துக்கொண்டு, மீன் வாங்கிச் சமைக்கிற பெண்ணுக்கே மீன் இல்லை.

எடை குறைக்கும் காலத்தில் தசையைக் காக்க, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் வேண்டும். 70 கிலோ உள்ளவருக்குக் குறைந்தது 84 கிராம். பயப்படவேண்டாம், எட்டக்கூடிய கணக்குதான். இரண்டு முட்டையில் 12, 150 கிராம் சாளையிலோ அயலையிலோ (கானாங்கெளுத்தி) சுமார் 28, ஒரு கிண்ணம் வெந்த சிறுபயறில் 14, ஒரு கிண்ணம் தயிரில் 6 அல்லது 7, அரிசியிலும் மற்றதிலும் 15 முதல் 20. எண்பதை நெருங்கிவிட்டது; இன்னொரு முட்டை சேர்த்தால் கணக்கு எட்டிவிடும். மீன் சாப்பிடாதவர்கள் புட்டோடு கடலைக்கறி, சோயா உருண்டை, பன்னீர் என்று கூட்டிக்கொள்ளலாம். மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுங்கள். காலையில் வெறும் ஆப்பமும் டீயும் என்றால் பதினொரு மணிக்கே பசிக்கும்.

குறைக்கவேண்டியது வேறிடத்தில் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. குப்பியிலிருந்து நேராகச் சட்டியில் சாய்க்காமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். சாயங்காலம் டிவி பார்த்துக்கொண்டே கொறிக்கும் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் 50 கிராமில் 250 கலோரிக்கு மேல். இரண்டு கரண்டி சர்க்கரையோடு நாலு டீ என்றால் அதுவே ஏறக்குறைய 150.

உணவு பாதி வேலையைத்தான் செய்யும். தசைக்குச் சுமை கொடுக்காமல் அதைக் காப்பாற்ற முடியாது. "நாள் முழுக்க வீட்டுவேலை செய்யேன், போதாதா?" என்று கேட்பார்கள். அந்த வேலை உடம்புக்குப் பழகிவிட்டது. பழகாத, படிப்படியாகக் கூடும் சுமைதான் தசையை வளர்க்கும். இளைஞர்கள் பலத்தைக் காட்டத் தூக்கும் உருண்டைக் கல்லான இளவட்டக்கல்லைத் தூக்கிய ஊர்க்காரர்கள் நாம். சுமை தூக்குவது ஜிம் பையன்களுக்கு மட்டும் உரியது என்று எப்போது நினைக்கத் தொடங்கினோம்?

வீட்டிலேயே தொடங்கலாம். உறுதியான மரநாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். நுனியில் உட்கார்ந்து, பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு, குதிகாலை அழுத்தி எழுந்திருங்கள். இறங்கும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி இறங்குங்கள். அந்த இறக்கத்திலும் தொடைத்தசை உழைக்கிறது. பத்து முறை, சற்று ஓய்வு, மறுபடி பத்து. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்கவேண்டும். பன்னிரண்டு முறை எளிதாக வந்துவிட்டால் 5 லிட்டர் தண்ணீர் கேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்திருங்கள். அதுவே 5 கிலோ. இதோடு சுவர்த் தண்டால், குனிந்து நின்று கேனை வயிற்றுப்பக்கம் இழுப்பது, இரண்டு கையிலும் கேனைப் பிடித்து முற்றத்தில் நடப்பது. வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஒருநாள் ஓய்வு. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் நடைப்பயிற்சி அடிக்கடி தடைபடும். இதைக் கூரைக்குக் கீழேயே செய்யலாம். மழை விட்டதும் நடையையும் தொடருங்கள்.

தொடங்கிய முதல் சில வாரங்களில் எடை ஒரு கிலோ கூடினாலும் கூடலாம். புதிதாக உழைக்கும் தசை தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் வருவது அது. பலர் இந்த இடத்தில்தான் பயந்து விட்டுவிடுகிறார்கள். நாடாவைப் பாருங்கள். ரவிக்கையின் இறுக்கம் உங்களுக்கே சொல்லும்.

தூக்கமும் முக்கியம். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்ட விடியுமுன்னே எழுகிறவர்கள், இரவு சீரியல் முடிந்து படுத்தால் உடம்புக்கு என்ன மிஞ்சும்? தூக்கம் குறைந்தால் பசி கூடும்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தும் இரண்டு மாதமாக அசைவில்லை என்றால் தைராய்டு சோதனை செய்யுங்கள். மாதவிடாய் ஒழுங்கற்றிருந்தால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளில் எடை கூட்டுவது ஏதும் உண்டா என்றும் கேளுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு, உணவு குறைந்து பயிற்சி கூடும்போது சர்க்கரை சட்டென்று தாழலாம். முன்கூட்டியே மருந்தின் அளவைப் பேசிக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு எதையும் தூக்கவேண்டாம்; தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள்.